பூனை வளர்க்காத வீடு

மாஸ்டருக்கு, காரில் உட்காரும்போது ஜன்னல் பக்கம் இருக்கிற காது கேட்காது. அவர் பார்க்கிற வேலைக்கு அது ஒரு குறையாகவே இருந்ததில்லை. கார் பழக வருகிறவர்கள் நல்ல காதின் பக்கம் உட்காருகிறார்கள். அவர்கள் ஓட்டுகிற அழகைப் பார்த்துத் திட்டிக்கொண்டு போகிறவர்கள் கேட்காத காதின் பக்கம் போகிறார்கள். இப்படி ஒரு வசதி டிரைவிங் ஸ்கூலில் வேறு எந்த மாஸ்டருக்கும் வாய்க்கவில்லை. காது எப்படிப் போனது என்று யாராவது கேட்டால், "சின்ன வயசுல ஒரு காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைச் சரி பண்ணச் சொல்லிவிடுவார்.

அந்த வருடம் அவரிடம் பழக வந்தவர்களில் ஒரு பேராசிரியையும் இருந்தார். கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவர். காலையில் வகுப்புக்கு முன்னால் வருவார். கிளட்ச்சை மிதிக்க வேண்டிய இடத்தில் பிரேக்கை மிதிப்பார். பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். மற்றபடி நல்ல மாணவி. வாய் மட்டும் ஓயாது. மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் உண்டு என்பதால், பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"இந்த செமஸ்டர்ல ஒரு புத்தகம் நடத்துறேன் மாஸ்டர். ஒரு அம்மா தன் சின்ன வயசைப் பத்தி எழுதினது. 'உள்தாழ்ப்பாள்'னு பேர். கேள்விப்பட்டிருக்கீங்களா?"

கேள்விப்பட்டிருந்தார். எழுதியது அவருடைய அக்கா.

அக்கா வேறு ஊரில், ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய புத்தகம் அது. வெளிவந்ததும் ஒரு பிரதி வீட்டுக்கு அனுப்பினாள். அம்மா வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் தொடவில்லை. "படத்தை நேர்ல பார்த்தவனுக்கு டிக்கெட் எதுக்கு?" என்று மனைவியிடம் சொன்னார். என்ன படம் என்று மனைவிக்குத் தெரியாது. அவளிடமும் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தார்.

"கேள்விப்பட்ட மாதிரி இருக்கு மேடம். கியரை மாத்துங்க."

"அதுல உத்தின்னா உத்தி, அப்படி ஒரு உத்தி. அப்பா வர்றாருன்னு சொல்லவே மாட்டாங்க. வாசல்ல சாவிக்கொத்து சத்தம் மட்டும் கேட்கும். நமக்குப் புரிஞ்சிடும். உடனே அம்மா குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவாங்க. அது வெறும் தாழ்ப்பாள் இல்ல மாஸ்டர். அது அந்த அம்மாவோட மனசு."

அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்து, சோப்புத் தேய்த்தால்தான் நகரும் என்பது மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. மனசுக்கும் அது பொருந்தலாம் என்று நினைத்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் மேல அந்தப் பூனை" என்றார் பேராசிரியை.

"எந்தப் பூனை?"

"அந்தப் பொண்ணோட பூனை. வீட்டுல ஒரே குழந்தை இல்லையா, துணைன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

"ஒரே குழந்தையா?"

"ஆமா. கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாது. அந்தத் தனிமைதான் புத்தகத்துக்கே உயிர். ஒரு நாள் அப்பா ஷேவ் பண்ற கண்ணாடியை அந்தப் பூனை தட்டி விட்டுடும். உடைஞ்சிடும். பயந்து போய்க் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கும். அப்பா அதைக் காலைப் பிடிச்சு வெளிய இழுத்து, தலையில ஓங்கி ஒரு அறை. அன்னையிலிருந்து அதுக்கு ஒரு காது கேட்காது. கூப்பிட்டா தலையைச் சாய்ச்சுப் பார்க்கும். ஆனா அடி வாங்குறப்ப ஒரு சத்தம் போடாது மாஸ்டர். ஒரு முனகல் கிடையாது. 'யாரும் வரவில்லை'ன்னு அந்த அத்தியாயம் முடியும். கிளாஸ்ல பசங்க கண்ணு கலங்கிட்டாங்க."

கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த வேன்காரர் கேட்காத காதின் பக்கமாக என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றார் பேராசிரியை பதறிப் போய்.

"நீங்க ஒண்ணும் பண்ணல மேடம். பூனை குறுக்க வந்துச்சு."

"எங்க? நான் பார்க்கலையே!"

"நானும் இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் மாஸ்டர்.

அன்று மத்தியானம் அம்மாவின் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, டிரைவிங் ஸ்கூலுக்குப் பின்னால் நிழலில் நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்து படித்தார். எல்லாம் இருந்தது. அப்பா வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் பார்க்கப் போகிற தோல்பை, தெருவில் எல்லாரிடமும் சிரித்துப் பேசிவிட்டு வாசற்படியில் அந்தச் சிரிப்பைக் கழற்றி வைக்கிற விதம், சாப்பாட்டுத் தட்டு பறந்து போய்ச் சுவரில் படிந்த கறை. அக்கா எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஸ்டோர் ரூமில் அடைத்தது இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது அவள்தான். முட்டி போட்டு நின்றதும் அவள்தான். உண்மையில் அதெல்லாம் இவருடைய பங்கு. அக்காவுக்கு வேறு பங்கு, அதுவும் இருந்தது. இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்ததை ஒருத்தியே வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தாங்காத மிச்சம் பூனைக்குப் போயிருந்தது.

பூனையை அவள் அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள். சாம்பல் நிறம், மெலிந்த கழுத்து, யாரையும் எதுவும் கேட்காத கண்கள். கட்டிலுக்கடியிலிருந்து அதை இழுக்கிற இடத்தில் மாஸ்டருக்கு அழுகை வந்துவிட்டது. அடப்பாவமே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பின பிறகுதான், அழுதது தனக்காக என்பது உறைத்தது. அதற்குப் பிறகு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அக்காவுக்குப் போன் பண்ண எடுத்தார், வைத்துவிட்டார். என்னவென்று சொல்வது? தலை நரைத்த மனிதன் அக்காவைக் கூப்பிட்டு, "என் அடியை எனக்குத் திருப்பிக் கொடு" என்றா கேட்பது?

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா புத்தகத்தைப் படிச்சியாம்மா?"

"படிக்காம? என்னை எவ்வளவு அழகா எழுதியிருக்கா. நீளமான முடி, சோகமான முகம்னு. பக்கத்து ஃபிளாட்காரங்களுக்கெல்லாம் காட்டினேன்."

"அதுல நான் இல்லையே, கவனிச்சியா?"

அம்மா யோசித்தாள். "நீ சின்னப் பையன். உனக்கு என்ன தெரியும்? அவதான் பாவம், அடி பட்டா. அப்புறம் அந்தப் பூனை."

"நம்ம வீட்டுல பூனையே கிடையாதும்மா."

"ஏன் இல்லாம? சாம்பல் கலர்ல ஒண்ணு திரிஞ்சுதே."

"அது நான்மா."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எங்கடா சாம்பல் கலர்?"

"காது, அம்மா. காது! பூனைக்குக் காது போச்சுன்னு எழுதியிருக்காளே, அது யார் காது?"

"உனக்குக் காய்ச்சல்ல இல்ல போச்சு" என்றாள் அம்மா. அதோடு எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

இது நல்ல கூத்து என்று நினைத்தார் மாஸ்டர். புத்தகத்திலிருந்து தன்னை எடுத்தது போதாதென்று வீட்டிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

அடுத்து வந்த வாரங்களில் பேராசிரியை ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டார்; மாஸ்டர் தன்னைப் பற்றிக் கற்றுக்கொண்டார். பூனை பேசாமல் இருப்பது ஒடுக்கப்பட்ட குரலின் குறியீடு. தலையைச் சாய்ப்பது உலகத்தை நோக்கிய கேள்வி. கடைசி அத்தியாயத்தில் பூனை சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவது, குழந்தைப் பருவமே காணாமல் போவது. "நான் காணாமப் போகல, லைசென்ஸ் எடுக்கப் போனேன்" என்று நாக்கு நுனி வரை வந்ததை மாஸ்டர் விழுங்கினார். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் அத்தனை ஆசையாக நடத்துகிற பாடத்தை நடுத்தெருவில் குலைப்பானேன் என்று இருந்தது. இன்னொன்றும் உண்டு. தன்னைப் பற்றி ஒருத்தர் இவ்வளவு அக்கறையாகப் பேசி அவர் கேட்டதே இல்லை, பூனையாக இருந்தாலும்.

ஒரு நாள் பேராசிரியை துள்ளிக்கொண்டு வந்தார். "மாஸ்டர், வெள்ளிக்கிழமை அந்த எழுத்தாளரே எங்க காலேஜுக்கு வர்றாங்க. நீங்க கட்டாயம் வரணும். இவ்வளவு நாள் பொறுமையாக் கேட்டிருக்கீங்க. கூட்டம் முடிஞ்சதும் அவங்களை ஸ்டேஷன்ல கொண்டு விட முடியுமா? காலேஜ் வண்டி ரிப்பேர்."

தான் வருவதை அக்கா வீட்டில் சொல்லியிருந்தாள். எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. மாஸ்டர் சரி என்றார்.

அரங்கத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார், நல்ல காது மேடையைப் பார்க்கும்படி. அக்கா பருத்திருந்தாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, நினைவு என்பது என்ன, உண்மை என்பது என்ன என்றெல்லாம் நன்றாகப் பேசினாள். நினைவு ஓர் இருட்டறை, எழுத்தாளர் கையில் இருப்பது ஒரு சின்ன டார்ச் என்றாள். கைத்தட்டல். டார்ச் அடிக்கிறவள் யார் மேல் அடிக்கவில்லை என்பது தெரிந்த ஒரே ஆள் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், அந்தப் பூனை கடைசியில என்ன ஆச்சு? எங்க எல்லாருக்கும் அதுதான் தெரிஞ்சுக்கணும்."

அக்கா சிரித்தபடி அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்வை கடைசி வரிசைக்கு வந்தது. மாஸ்டர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சரியாகக் கேட்பதற்காகத் தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்திருந்தார்.

அக்காவின் சிரிப்பு நின்றுபோனது.

"அந்தப் பூனை..." என்றாள். "அது வளர்ந்து பெரிசாகி, வேலைக்குப் போயிடுச்சு."

அரங்கம் அதிர்ந்தது. அவ்வளவு சிரிப்பு. முன் வரிசையில் பேராசிரியை பக்கத்து ஆசிரியரிடம் குனிந்து, "மாய யதார்த்தம்" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் பேராசிரியையே அக்காவை அழைத்துக்கொண்டு கார் வரைக்கும் வந்தார். "இவர்தான் எனக்கு டிரைவிங் சொல்லித் தர்ற மாஸ்டர். உங்க புத்தகம் முழுக்க இவருக்கு மனப்பாடம்."

"வணக்கம்" என்றாள் அக்கா.

"வணக்கம் மேடம்" என்றார் தம்பி. கதவைத் திறந்துவிட்டார்.

கார் கல்லூரி கேட்டைத் தாண்டியது. அப்புறம் அக்கா, "ரயிலுக்கு நேரம் இருக்கு. அம்மாவைப் பார்த்துட்டுப் போறேன்" என்றாள்.

"போலாம்."

"கோவமாடா?"

"எனக்கென்ன கோவம்? பூனைக்குக் கோவம் வருமா?"

"டேய்."

"சாம்பல் கலர்னு வேற எழுதியிருக்க. கறுப்புன்னாவது எழுதியிருக்கலாம்."

அக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாஸ்டர் ஒரு மருந்துக்கடை வாசலில் காரை ஓரங்கட்டினார்.

"எதுக்குக்கா பூனை?"

"முதல்ல உன்னைத்தான் எழுதினேன். சத்தியமாடா. தம்பின்னு எழுதின உடனே நீ கத்த ஆரம்பிச்சிடுவ. அன்னைக்குக் கத்தினியே, அந்தக் கத்தல். பேனாவை வெச்சிட்டு எழுந்து போயிடுவேன். மறுபடி உட்காருவேன், மறுபடி கத்துவ. அந்தச் சத்தத்தோட என்னால ஒரு வரி எழுத முடியல. அப்புறம் பூனைன்னு போட்டுப் பார்த்தேன். அமைதியாயிடுச்சு. எழுத வந்துச்சு. எடிட்டர் படிச்சிட்டு, இதுதான் புத்தகத்திலேயே சிறந்த இடம்னார்."

மாஸ்டர் இன்ஜினை அணைத்தார்.

"அடியை நீ எடுத்துக்கோ" என்றார். "ஸ்டோர் ரூமையும் எடுத்துக்கோ. காதையும் பூனைக்கே குடுத்துடு, எனக்கு வேணாம். நான் கத்தினதை ஏன் எடுத்த? 'யாரும் வரவில்லை'ன்னு முடிச்சிருக்க. வந்தாங்களே! நான் கத்தினதைக் கேட்டுத்தானே தையல்காரர் வந்தார்?"

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் அன்று கழுத்தில் அளவு நாடாவோடு வந்து கதவைத் தட்டினார். ஏன் பிள்ளையை அடிக்கிறாய் என்று கேட்கிற துணிச்சல் அவருக்கு இல்லை. "உங்க பேன்ட்டுக்கு இடுப்பளவு ஒரு தடவை பார்க்கணும்" என்றார். பேன்ட் தைக்கக் கொடுத்திருந்தது வாஸ்தவம். அப்பா மூச்சு வாங்க, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். தையல்காரர் இடுப்பை அளந்தார், காலை அளந்தார், மறுபடி இடுப்பை அளந்தார். தேவையில்லாமல் தோளையும் அளந்தார். அளந்து முடிக்கிறதற்குள் அப்பாவின் கோபம் வடிந்துவிட்டது. அக்கா தம்பியைப் பின்பக்கமாக வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"அது எனக்கு மறக்கலடா" என்றாள் அக்கா. "எழுதியும் வெச்சேன். ஆனா அப்பா கையைத் தூக்கிட்டு நிக்கிறது சிரிப்பா வந்துச்சு. அந்த இடத்துல சிரிப்பு வரக்கூடாதுன்னு எடிட்டர் எடுக்கச் சொல்லிட்டார்."

"சிரிப்புத்தான். அதனாலதான் நாம பொழைச்சோம்."

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் அம்மா டீ போட்டுக் கொடுத்தாள், மகள் இளைத்துப்போனதாக வருத்தப்பட்டாள். ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அக்கா, "அடுத்த பதிப்புல உன்னைக் கொண்டு வந்துடறேன்" என்றாள். மாஸ்டர் தலையாட்டினார்.

கொண்டு வர முடியவில்லை. பாடப்புத்தகம் ஆன பிறகு ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று பதிப்பகத்தார் கையை விரித்துவிட்டார்கள். பூனையைப் பற்றிப் பரீட்சைக் கேள்வியே போட்டாகிவிட்டதாம். புதிய அட்டையிலும் பூனைதான். அக்கா விடவில்லை. தம்பி, கத்தல், தையல்காரர் மூன்றையும் வைத்துத் தனியாக ஒரு கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். ஆசிரியர் குழு அதைப் பாராட்டி, 'சிறுகதை' என்று தலைப்புக்கு மேல் போட்டு வெளியிட்டது.

பேராசிரியை அதற்குள் ஒருவழியாக ஓட்டப் பழகிவிட்டார். லைசென்ஸ் தேர்வுக்கு முந்தின நாள், மேம்பாலத்தில் ஏறிக்கொண்டே அந்தக் கதையைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"ஏமாத்தமா இருந்துச்சு மாஸ்டர். அந்தத் தம்பி பாத்திரம் ஒட்டவே இல்ல. ஒரே கத்தல். பூனை எவ்வளவு கண்ணியமா இருந்துச்சு! அதுலயும் சரியா அந்த நேரத்துக்கு ஒரு தையல்காரர் வந்து நிக்கிறார். கதைக்காகச் செஞ்சதுன்னு பளிச்சுனு தெரியுது."

"நிஜமா அப்படி ஒருத்தர் இருந்திருக்கலாமே மேடம்."

"வாழ்க்கையில இருக்கலாம் மாஸ்டர். எழுத்துல இருக்கக் கூடாது."

"சரிதான்" என்றார் மாஸ்டர். "இறக்கத்துல வேகத்தைக் குறைங்க."

மறுநாள் பேராசிரியை தேறி, இனிப்புப் பெட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெட்டியோடு மாஸ்டர் வீட்டுக்குப் போனபோது, அம்மா கூடத்தில் பத்திரிகையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளுக்கும் ஒன்று அனுப்பியிருந்தாள். மகன் வந்ததைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அந்த பேன்ட் இடுப்புல பிடிக்குதுன்னு உங்கப்பா ரொம்ப நாள் திட்டிட்டு இருந்தார்" என்றாள்.

மாஸ்டர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"தோளெல்லாம் அளந்துட்டு, இடுப்பைக் கோட்டை விட்டுட்டார் அந்த மனுஷன். பயந்திருப்பார்." பத்திரிகையை மூடினாள். "நீ கத்தினது குளியலறைக்குள்ள கேட்டுச்சு. குழாயைத் திறந்து விட்டேன். அப்பவும் கேட்டுச்சு."

"காய்ச்சல்னு சொன்னியேம்மா."

"அது டாக்டருக்குச் சொன்னது" என்றாள் அம்மா. கையை நீட்டி அவர் தலையைத் தன் பக்கம் திருப்பி, கேட்காத காதின் மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். மாஸ்டர் குனிந்தபடியே நின்றார். இடுப்பு வலித்தது. அசையவில்லை.

"அந்தப் பூனையும் உன்கூடச் சேர்ந்து கத்துச்சு" என்றாள் அம்மா. "பாவம், அதை மட்டும் இதுல விட்டுட்டா."

சாயங்காலம் அக்காவே போன் பண்ணினாள். "அம்மா படிச்சாங்களாடா?"

"படிச்சாங்க. நான் கத்தினது ஞாபகம் இருக்காம். பேன்ட் இடுப்புல பிடிச்சுதாம்."

அந்தப் பக்கம் அக்கா அழுகிறாள் என்று தெரிந்தது. மாஸ்டர் போனை நல்ல காதுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்போ பூனை?" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அதுவும் கூடச் சேர்ந்து கத்துச்சாம். நீ எழுதாம விட்டுட்டியாம். கோவமா இருக்காங்க."

முதலில் அக்காதான் சிரித்தாள். அப்புறம் மாஸ்டருக்கும் அடக்க முடியவில்லை. அவர் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அப்படிச் சிரிப்பு?" என்றாள்.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "உட்காரு, சொல்றேன். காய்ச்சல்னு உன்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தேன் பாரு..."